காப்பாற்றும் ஏற்பியை அடைப்பது எப்படி மருந்தாகும்?

திருவட்டாரிலிருந்து ஓர் ஆசிரியை கேட்ட கேள்விக்கு எழுதும் பதில் இது. அவர் கேட்டதன் சுருக்கம்: மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் அவருடைய அம்மாவுக்கும் தம்பிக்கும் சிக்குன்குனியா வந்தது. தம்பி சீக்கிரமே தேறி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார். அம்மாவுக்கோ மாதங்கள் கழிந்தும் கணுக்கால் வீக்கம் வடியவில்லை. வைரஸை எதிர்க்க ஒவ்வொரு செல்லின் மேலும் இன்டர்ஃபெரான் ஏற்பி என்று ஒன்று இருப்பதாக ஆசிரியை படித்திருக்கிறார். அம்மாவுக்கு அது குறைவாக இருக்குமோ, அதைக் கூட்ட மாத்திரையோ கஷாயமோ உண்டா என்பது முதல் கேள்வி. அடுத்தது அவருடைய அக்காவைப் பற்றியது. அக்காவுக்கு லூபஸ், அதாவது உடலின் எதிர்ப்பு உடலையே தாக்கும் நோய். அதே ஏற்பியை அடைக்கிற ஊசி ஒன்று வந்திருப்பதாக டாக்டர் சொன்னாராம். வைரஸிலிருந்து காப்பாற்றுவதைப் போய் ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்கிறார்.

டீச்சர், உங்கள் இரண்டாவது கேள்விக்குள்ளேயே முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது. இந்த ஏற்பி எந்த நேரத்தில் விழிக்கிறது, எவ்வளவு நேரம் கழித்து அடங்குகிறது என்பதில்தான் நன்மையும் தீமையும். நாகர்கோவிலில் பல வருடம் நுண்ணுயிரியல் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நோய் எதிர்ப்பு பற்றி நம் ஊரில் பேசப்படும் பாதிப் பேச்சு இந்த ஒரு இடத்தில் தடம் புரள்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இன்டர்ஃபெரான். 1957-இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும் கோழி முட்டைக் கருவின் சவ்வை எடுத்து, சூட்டால் செயலிழக்க வைத்த இன்ஃப்ளூயன்சா வைரஸுடன் வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் பிரித்துப் புதிய சவ்வின் மேல் விட்டார்கள். அந்தப் புதிய சவ்வில் உயிருள்ள வைரஸைப் போட்டால் அது வளர மறுத்தது. வைரஸைக் கண்ட செல்கள் எதையோ வெளியே விடுகின்றன, அது வைரஸைக் காணாத செல்களைத் தயார்ப்படுத்துகிறது என்று புரிந்தது. ஜப்பானில் நாகானோவும் கோஜிமாவும் 1954-இலேயே இப்படி ஒன்றைக் கண்டு எழுதியிருந்தார்கள். உலகம் அதைப் பிற்பாடுதான் கவனித்தது.

வெளியே விடப்படும் பொருள் தெரிந்துவிட்டது. அதைப் பெறுகிற செல் எதைக்கொண்டு பெறுகிறது? இதற்கான விடைக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. பிரான்சில் ழில் ஊஸே, ழார்ஜ் லுத்ஃபல்லா, இயான் கிரெசர் ஆகியோர் 1990-இல் ஏற்பியின் ஒரு பாதிக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். மறுபாதி 1994-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் தானியேலா நோவிக்கும் சக ஆய்வாளர்களும் கண்டது. முதலாவதை இஃப்நார்-1 என்றும் இரண்டாவதை இஃப்நார்-2 என்றும் சொல்கிறோம். இரண்டும் சேர்ந்தால்தான் ஏற்பி முழுமை.

இதன் வேலையைச் சொல்ல நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒக்கிப் புயலை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2017 நவம்பர் கடைசியில் புயல் எச்சரிக்கை கரையில் வந்தது. அதற்குள் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போன படகுகள் ஆழ்கடலில் இருந்தன. அவர்களிடம் இருந்த கருவிகளுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. எச்சரிக்கை என்று ஒன்று இருந்தும் அதைப் பெறும் வழி படகில் இல்லாததால் எத்தனை வீடுகள் இருண்டன என்பது உங்களுக்கே தெரியும். இன்டர்ஃபெரான் அந்த எச்சரிக்கை. இஃப்நார் ஒவ்வொரு படகிலும் இருந்திருக்க வேண்டிய அந்தக் கருவி. உடலில் எவ்வளவு இன்டர்ஃபெரான் ஓடினாலும், செல்லின் மேல் இந்த ஏற்பி இல்லாவிட்டால் அந்தச் செல்லுக்கு எதுவும் தெரியாது.

இனி உள்ளே நடப்பது. மனித உடலில் முதல் வகை இன்டர்ஃபெரான்கள் பல உண்டு. ஆல்ஃபா மட்டுமே 13 மரபணுக்களிலிருந்து வருகிறது, பீட்டா ஒன்று, ஒமேகா, எப்சிலான், கப்பா என்று இன்னும் சில. இத்தனைக்கும் ஏற்பி இந்த ஒன்றே. இதை நினைவில் வையுங்கள், அக்காவின் ஊசியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். இன்டர்ஃபெரான் முதலில் இஃப்நார்-2-ஐ இறுகப் பற்றும். பிறகு இஃப்நார்-1 வந்து மறுபக்கம் ஒட்டும். இந்த இரண்டாவது பிடி தளர்வானது. மூன்றும் சேர்ந்து நின்றால்தான் செய்தி உள்ளே போகும்.

ஏற்பியின் பாதி செல்லுக்கு வெளியே, பாதி உள்ளே. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியில் இரண்டு நொதிகள் எப்போதும் ஒட்டியிருக்கும்: இஃப்நார்-1-இல் டிக்-2, இஃப்நார்-2-இல் ஜாக்-1. ஏற்பியின் இரு பாதிகளும் நெருங்கும்போது இந்த இரண்டும் ஒன்றையொன்று தூண்டும். தூண்டப்பட்டவை ஸ்டாட்-1, ஸ்டாட்-2 என்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். அவை இணைந்து, ஐஆர்எஃப்-9 என்ற மூன்றாவதையும் கூட்டிக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் போகும். அங்கே டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் இயக்கும். ஏற்பியில் தொடங்கி உட்கரு வரைக்கும் போக நிமிடங்கள் போதும். புதிய புரதங்கள் தயாராகச் சில மணி நேரம்.

அந்தப் புரதங்கள் ஒவ்வொன்றும் வைரஸின் வாழ்க்கையில் ஒரு கட்டத்தை மறிக்கின்றன. ஒரு புரதக் குடும்பம், வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசலிலேயே தடுக்கிறது. எம்எக்ஸ் என்ற புரதம் உள்ளே வந்த இன்ஃப்ளூயன்சாவின் மரபுப்பொருளைச் சிறைப்பிடிக்கிறது. பிகேஆர் என்பது செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். வைரஸுக்குத் தன் புரதத்தைச் செய்துகொள்ள இடமில்லாமல் போகும். ஆர்என்ஏஸ்-எல் என்ற நொதி கண்ணில் படும் ஆர்என்ஏவையெல்லாம் நறுக்குகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டும் வைரஸை மட்டும் தேர்ந்து அடிப்பதில்லை. செல்லின் சொந்த வேலையும் நின்றுபோகிறது, சொந்த ஆர்என்ஏவும் அறுபடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் எதிரியைப் பட்டினி போட வீடே பட்டினி கிடக்கும் நிலை அது. ஒரு நாள், இரண்டு நாள் அப்படி இருக்கலாம். மாதக்கணக்கில் இருந்தால் செல் என்ன ஆகும்?

காய்ச்சலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிக்குன்குனியாவின் முதல் நாள் உடம்பை முறித்துப்போடும் அந்த வலி, குளிர், சோர்வு எல்லாம் வைரஸ் நேரடியாகச் செய்வது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வைரஸே இல்லாத ஒருவருக்குத் தூய இன்டர்ஃபெரானை ஊசியாகப் போட்டால் அதே காய்ச்சலும் அதே உடல்வலியும் வரும். மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு இன்டர்ஃபெரான் பீட்டா 1993 முதல் மருந்தாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கு முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுப்பார்கள். ஹெபடைட்டிஸ் சி-க்கு மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலம் ஒன்று இருந்தது. காய்ச்சல், எடை குறைவு, சிலருக்குக் கடும் மனச்சோர்வு என்று பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம். நேரடியாக வைரஸைத் தாக்கும் மாத்திரைகள் வந்ததும் அந்தச் சிகிச்சை பின்னுக்குப் போனது. உங்கள் அம்மாவும் தம்பியும் முதல் இரண்டு நாள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்ததில் பெரும்பங்கு அவர்களுடைய ஏற்பி ஒழுங்காக வேலை செய்ததால் வந்தது. காய்ச்சல் வந்தாலே எதிர்ப்புச் சக்தி குறைவு என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏற்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 1994-இல் சூரிக்கில் இஃப்நார்-1 மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். மற்றபடி ஆரோக்கியமாக இருந்த அந்த எலிகள் சாதாரண எலிகள் தாங்கும் வைரஸ்களுக்கு மடிந்தன. வளர்ந்த சாதாரண எலிக்குச் சிக்குன்குனியா வைரஸை ஏற்றினால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. இந்த ஏற்பி இல்லாத எலி சில நாட்களில் இறந்துவிடும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களில் ஏற்பி இருப்பதை விட, தோலிலும் தசையிலும் மூட்டுறையிலும் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற செல்களில் அது இருப்பதுதான் சிக்குன்குனியாவில் உயிரைக் காக்கிறது என்று 2010-இல் காட்டினார்கள். நோய் எதிர்ப்பு என்றாலே வெள்ளையணு என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். உண்மையில் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லும் இந்த ஏற்பியைச் சுமக்கிறது. தோலும் மூட்டும் கூடத் தன்னைத் தானே காக்கின்றன.

மனிதர்களிலும் இந்த ஏற்பி இல்லாமல் பிறப்பவர்கள் மிக அபூர்வமாக உண்டு. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்தக் குறை வெளிப்படும். 2015-இல் இஃப்நார்-2 இல்லாத ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்குப் பிறகு மூளைக்காய்ச்சல் வந்து அந்தக் குழந்தை இறந்தது. தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள வைரஸ். ஏற்பி உள்ள குழந்தையின் உடல் அதை அடக்கிவிடும். 2019-இல் இஃப்நார்-1 இல்லாத இருவரைப் பற்றி அறிந்தோம். ஒருவர் ஈரானைச் சேர்ந்தவர், மற்றவர் பிரேசிலைச் சேர்ந்தவர். அவர்களுக்கும் உயிருள்ள வைரஸ் தடுப்பூசியே ஆபத்தானது.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளைக்கு ஊசி போட மறுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்பி இல்லாத பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி ஆபத்து என்றால், வீரியம் குறையாத தட்டம்மை வைரஸ் அதைவிடப் பெரிய ஆபத்து. சுற்றியிருக்கும் அத்தனை பிள்ளைகளும் ஊசி போட்டிருந்தால்தான் அந்த ஒரு பிள்ளை பிழைக்கும். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 மாதத்துக்குப் பிறகு ஒன்று என்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். முறைமாப்பிள்ளை, முறைப்பெண் கல்யாணம் நடந்த குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை தடுப்பூசிக்குப் பிறகு கடுமையாக நோயுற்றோ இறந்தோ போயிருந்தால் மட்டும், அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன் குழந்தை மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆச்சரியமான ஒரு தகவலும் உண்டு. சமோவா முதலான மேற்குப் பாலினேசியத் தீவுகளில் இஃப்நார்-1-ஐ முடக்கும் மரபணு மாற்றமும், கிரீன்லாந்து, அலாஸ்கா பகுதி இனூயிட் மக்களிடம் இஃப்நார்-2-ஐ முடக்கும் மாற்றமும் அபூர்வமாக இல்லாமல் ஓரளவு பரவலாகவே இருப்பதை 2022-இல் கண்டார்கள். இரண்டு பழுதான பிரதிகளும் கிடைத்துப் பிறந்தவர்களில் சிலர் கடும் வைரஸ் நோயால் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் எல்லா வைரஸுக்கும் அவர்கள் வீழ்வதில்லை. மூக்கு, நுரையீரல், குடல் ஆகியவற்றின் உள்தோலில் லாம்டா என்ற வேறு வகை இன்டர்ஃபெரானும் அதற்கென்று தனி ஏற்பியும் இருக்கின்றன. உடல் ஒரே வழியை நம்பி வாழ்வதில்லை.

இனி உங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஒரே வைரஸ், ஒரே வாரம், ஏன் இரண்டு பேருக்கு இரண்டு விதம்?

அம்மாவுக்கு ஏற்பி குறைவாக இருக்குமோ என்று கேட்டீர்கள். இருக்க வாய்ப்பில்லை. ஒரு செல்லின் மேல் சில நூறு முதல் சில ஆயிரம் ஏற்பிகள்தான் இருக்கும், அதுவே தாராளம். அம்மா இந்த வயது வரை எத்தனையோ வைரஸ்களைத் தாண்டி வந்திருக்கிறார், ஏற்பி பழுதாக இருந்தால் அது முடிந்திருக்காது. சிக்குன்குனியா வைரஸ் ஏற்பியைத் தொடுவதே இல்லை. தன்னுடைய என்எஸ்பி-2 என்ற புரதத்தைக் கொண்டு செல்லின் உட்கருவில் மரபணுக்களைப் படிக்கும் இயந்திரத்தையே சிதைக்கிறது. ஸ்டாட்-1 உள்ளே போவதையும் தடுக்கிறது. மேலே ஏற்பி செய்தியைச் சரியாகப் பெறும், கீழே அதை நிறைவேற்ற ஆளிருக்காது. டெங்கு வைரஸும் அதே போல ஸ்டாட்-2-ஐ அழிக்கிறது. கேரளத்தில் செய்தி வந்ததும் களியக்காவிளையில் வண்டிகளை நிறுத்திப் பார்க்க வைக்கும் நிபா வைரஸ், ஸ்டாட்-1-ஐப் பிடித்துக் கட்டிவைக்கிறது. நம்மைச் சுற்றியிருக்கும் மூன்று வைரஸ்களும் ஏற்பிக்குக் கீழே கை வைக்கின்றன. அப்படி இருக்க ஏற்பியின் எண்ணிக்கையைக் கூட்டி என்ன பயன்?

ஆகவே இது ஓட்டப்பந்தயம். வைரஸ் ஒரு செல்லில் நுழைந்து அந்தச் செல்லின் வாயை அடைப்பதற்குள், அந்தச் செல் இன்டர்ஃபெரானை வெளியே விட்டாக வேண்டும். பக்கத்துச் செல்கள் வைரஸ் வருவதற்கு முன்னால் அதைப் பெற்றுத் தயாராகிவிட்டால் வைரஸுக்குப் போக இடமில்லை. சில மணி நேர வித்தியாசம் நோயின் போக்கையே மாற்றும். கொசு எத்தனை முறை கடித்தது, எவ்வளவு வைரஸ் உள்ளே இறங்கியது, வயது என்ன, ஏற்கெனவே மூட்டுத் தேய்மானமோ சர்க்கரையோ உண்டா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்கிறது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கும், முதல் நாட்களில் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருந்தவர்களுக்கும் மூட்டுவலி நீடிப்பது அதிகம். அம்மாவின் கணுக்காலில் இப்போது இருப்பது பெரும்பாலும் தணியாத அழற்சி. வீக்கம் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஒரு மூட்டுவாத நிபுணரிடமோ கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

வயதானவர்களிடம் ஏற்பி நன்றாக இருந்தும் செய்தி வராமல் போகும் ஒரு வழியைக் கோவிட் காலம் காட்டிக்கொடுத்தது. 2020-இல் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 கோவிட் நோயாளிகளைச் சோதித்தார்கள். 101 பேரின் ரத்தத்தில் அவர்களுடைய இன்டர்ஃபெரானையே பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள். கோவிட் வந்த பிறகு உருவானவை அல்ல, முன்பிருந்தே இருந்தவை. 70 வயதைத் தாண்டியவர்களிடம் இப்படிப்பட்ட எதிர்ப்பொருள் கூடுதலாகக் காணப்படுகிறது. வெளியே திடகாத்திரமாகத் தெரிந்த ஒரு தாத்தா ஏன் அத்தனை வேகமாக வீழ்ந்தார் என்று கேட்ட குடும்பங்களில் சிலவற்றுக்காவது இது விடை.

அப்படியானால் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டால் என்ன? கோவிட்டில் முயன்றார்கள். உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டவர்களுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா கொடுத்ததில் உயிர் பிழைப்பது கூடவில்லை. அதற்குள் பந்தயம் முடிந்திருந்தது. மாறாக, நோய் தொடங்கி ஒரு வாரத்துக்குள் லாம்டா வகையை ஒரே ஒரு ஊசியாகப் போட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. ஆஸ்பத்திரியில் சேரும் நிலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வகையும் ஏற்பியும் வேறு என்பதை மறக்கக் கூடாது, ஆனாலும் முன்னதாகப் போனால் பலன், தாமதமானால் வீண் என்பது இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரியும்.

கஷாயம் பற்றி நேராகவே சொல்கிறேன். குடித்தால் உடம்புக்கு இதமாக இருக்கிறது என்றால் குடியுங்கள், நீர்ச்சத்து சேரும். ஆனால் இஃப்நார் ஏற்பியைக் கூட்டும் என்று நிரூபிக்கப்பட்ட கஷாயமோ மாத்திரையோ பொடியோ கிடையாது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று பாட்டிலில் அச்சடித்து விற்பதை வாங்கும் பணத்துக்கு அம்மாவுக்கு மீனும் முட்டையும் வாங்கிக்கொடுக்கலாம்.

உடலே இந்த ஏற்பியைக் கூட்டி வைக்க விரும்புவதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்ததன் மையம். செய்தி உள்ளே போனதும் செல் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, இஃப்நார்-1-ஐ உள்ளே இழுத்து, அழிக்க வேண்டியது என்று குறியிட்டுச் சிதைத்துவிடுவது. இன்டர்ஃபெரான் இயக்கிய மரபணுக்களில் ஒன்றான யுஎஸ்பி-18 திரும்பி வந்து இஃப்நார்-2-இன் வாலில் உட்கார்ந்து, அடுத்த செய்தி உள்ளே போவதைத் தடுக்கிறது. இந்த யுஎஸ்பி-18 இல்லாமல் பிறந்த குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். எந்தத் தொற்றும் இல்லாமலே, கருவிலேயே கடும் தொற்று வந்தது போன்ற மூளைப் பாதிப்புடன் பிறந்தார்கள். ஏற்பியை அடக்கும் ஒரு புரதம் இல்லாமல் போனதற்கே இந்த விலை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடமும் இதன் சாயலைப் பார்க்கலாம். இஃப்நார்-1, இஃப்நார்-2 இரண்டு மரபணுக்களும் 21-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. அவர்களிடம் அந்தக் குரோமோசோம் மூன்று. ஏற்பி கூடுதல். அதனால் அவர்களுக்கு வைரஸ் தொற்று வராமலா இருக்கிறது? இல்லை. மூச்சுத் தொற்றுகள் கடுமையாக வருகின்றன, தைராய்டு போன்ற தன்னுடல் தாக்கு நோய்களும் அதிகம். அவர்களுடைய செல்களில் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் தொற்று இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருப்பதை 2016-இல் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஏற்பியைக் கூட்டினால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்விக்கு இயற்கை வைத்திருக்கும் விடை இது.

இப்போது அக்காவின் லூபஸ். இந்த நோயில் உடல் தன் சொந்த டிஎன்ஏவுக்கும் ஆர்என்ஏவுக்கும் எதிராக எதிர்ப்பொருள் செய்கிறது. அவை இரண்டும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் கட்டிகளாக மிதக்கும். பிளாஸ்மசைட்டாய்டு டென்டிரிட்டிக் செல்கள் என்று ஒரு வகை வெள்ளையணு உண்டு, இன்டர்ஃபெரானை அள்ளி இறைப்பதில் அதற்கு இணையில்லை. அது இந்தக் கட்டிகளை விழுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் மரபுப்பொருளை வைரஸுடையது என்று எடுத்துக்கொள்கிறது. இல்லாத வைரஸுக்கு இன்டர்ஃபெரான் வெளியேறுகிறது. இஃப்நார் அதைப் பெற்று, எல்லாச் செல்களையும் போர் நிலையில் வைக்கிறது. அந்தத் தூண்டுதலில் பி செல்கள் மேலும் எதிர்ப்பொருள் செய்கின்றன. மேலும் கட்டிகள், மேலும் இன்டர்ஃபெரான். அக்காவின் ஓயாத களைப்பு, மூட்டுவலி, லேசான காய்ச்சல், கன்னச் சிவப்பு எல்லாவற்றிலும் இந்தச் சுழல் கலந்திருக்கிறது. சிக்குன்குனியாவின் முதல் நாள் உங்கள் அம்மாவுக்கு எப்படி இருந்ததோ, அதன் மெல்லிய வடிவத்தை அக்கா தினமும் சுமக்கிறார். வீட்டில் யாராவது அக்காவைச் சோம்பேறி என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் மிகுந்திருப்பதை 1979-இலேயே கண்டார்கள். வேறு நோய்க்காக இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு லூபஸ் தலைகாட்டியதையும் பிறகு பார்த்தார்கள். அக்கா ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தப் பழைய மாத்திரையின் வேலைகளில் ஒன்று, அந்த வெள்ளையணு மரபுப்பொருளை மோப்பம் பிடிக்கும் இடத்தைத் தணிப்பது. அதை ஒருபோதும் தானாக நிறுத்த வேண்டாம்.

டாக்டர் சொன்ன ஊசி அனிஃப்ரோலுமாப் ஆகத்தான் இருக்கும். இஃப்நார்-1-ஐப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அது. பற்றியதும் ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுகிறது, இஃப்நார்-2-உடன் சேர முடியாமல் போகிறது. இதற்கு முன் இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவை மட்டும் பிடிக்கும் மருந்துகளை முயன்றார்கள், பலன் மெலிதாக இருந்தது. ஆல்ஃபாவைப் பிடித்தாலும் பீட்டாவும் ஒமேகாவும் அதே ஏற்பிக்குத்தான் வரும். ஏற்பியைப் பிடித்தால் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். மருந்தின் முதல் பெரிய ஆய்வு எதிர்பார்த்த இலக்கைத் தொடவில்லை. வேறு அளவுகோலை முதன்மையாக வைத்து நடந்த இரண்டாவது ஆய்வில், ஒரு வருட முடிவில் மருந்து பெற்றவர்களில் 47.8 சதவீதம் பேருக்கும், வெறும் திரவம் பெற்றவர்களில் 31.5 சதவீதம் பேருக்கும் நோய் தணிந்தது. 2021 ஜூலையில் அமெரிக்கா அனுமதித்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், ரத்தக்குழாய் வழியாக. எல்லோருக்கும் கேட்கிற மருந்து இது இல்லை என்பதை அந்த எண்களே சொல்கின்றன. தோலிலும் மூட்டிலும் நோய் கூடுதலாக இருப்பவர்களுக்கு நன்றாக உதவுகிறது. மூளையையோ சிறுநீரகத்தையோ லூபஸ் கடுமையாகத் தாக்கியிருந்தால் டாக்டர் வேறு வழியைத்தான் முதலில் பார்ப்பார்.

காப்பாற்றும் ஏற்பியை அடைத்தால் ஆபத்தில்லையா என்றால், உண்டு, ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பிறவியிலேயே ஏற்பி இல்லாத குழந்தைக்கும், நாற்பது வருடம் எதிர்ப்பு நினைவைச் சேர்த்து வைத்திருக்கும் அக்காவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பழைய வைரஸ்களுக்கான எதிர்ப்பொருளும் டி செல்களும் அவரிடம் இருக்கின்றன. லாம்டா ஏற்பியும், காமா என்ற இன்னொரு வகை இன்டர்ஃபெரானின் ஏற்பியும் திறந்தே இருக்கின்றன. மருந்தும் முழுமையாக அடைப்பதில்லை. ஆய்வில் தெளிவாகக் கூடியது அக்கி. மருந்து பெற்றவர்களில் 7.2 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 1.1 சதவீதம் பேருக்கும் வந்தது. அக்கியைக் கிளப்புவது சின்னம்மை வைரஸ்தான். அது நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்க ஒளிந்திருப்பது, அதை அடக்கி வைப்பதில் இந்த ஏற்பிக்குப் பங்குண்டு. மூச்சுத் தொற்றுகளும் கொஞ்சம் கூடின.

அதனால் ஊசி தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. அக்காவுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்பதைச் சொல்லி, உயிருள்ள வைரஸ் இல்லாத அக்கித் தடுப்பூசியை முன்னதாகவே போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அது இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. மருந்து ஓடும் காலத்தில் உயிருள்ள வைரஸ் தடுப்பூசி எதுவும் கூடாது. வெளிநாடு போக மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்பட்டால் அதை முதலில் பேசிவிட வேண்டும். உடம்பில் ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் கிளம்பினால் அம்மன் வந்திருப்பதாக நினைத்து வேப்பிலையோடு காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள், முதல் மூன்று நாட்களுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன்.

இன்னொன்று உங்கள் ஊருக்கே உரியது. 2005-06-இல் இந்தியப் பெருங்கடல் தீவுகளைப் புரட்டிப்போட்ட சிக்குன்குனியா வைரஸில் ஏற்பட்ட ஒரு மாற்றம், ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுவில் அது நன்றாக வளர வழி செய்தது. 2007-இல் அந்த மாற்றம் கேரளத்திலும் காணப்பட்டது. அந்தக் கொசு தோட்டத்துக் கொசு. மழைக்குப் பால்வெட்டு நிற்கும் நாட்களில் மரத்தில் நிமிர்ந்தபடி இருக்கும் ரப்பர் சிரட்டை, விழுந்த பாக்குப் பாளை, எறிந்த தேங்காய்த் தொண்டு எல்லாம் அதற்கு வீடு. தம்பியிடம் சொல்லி, வெட்டு நிற்கும்போது சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். பகலில்தான் கடிக்கும், ஆகவே அக்கா பகலில் படுத்தாலும் வலை கட்டுங்கள்.

அப்படியும் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால், லூபஸ் காய்ச்சலா, கொசுக் காய்ச்சலா, வேறு தொற்றா என்று வீட்டில் இருந்து ஊகிக்க முடியாது. ஏற்பி அடைபட்ட நிலையில் உடம்புவலியும் சூடும் வழக்கமான அளவுக்குத் தெரியாமலும் போகலாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். முதல் நாளிலேயே ரத்தம் பாருங்கள், அடுத்த ஊசிக்கான தேதி நெருங்கியிருந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டுமா என்று டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.